இல்லத்தில் மது அடுவோர்: தொழில், சட்டம், பால்நிலை – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு தொழிலை யார் செய்கின்றனர் என்னும் வினாவிற்கு அத்தொழிலின் இயல்பே விடை தந்துவிடும் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. கடலோரத்தில் வாழ்பவர் மீன் பிடிப்பர்; மலையில் வாழ்பவர் தேன் எடுப்பர். தானியத்தை நொதிக்கச் செய்து மது ஆக்கும் தொழிலுக்கு இவ்விடை பொருந்தவில்லை. தானியம், நீர், பானை, சில நாள் காத்திருப்பு ஆகியவையே இதற்குப் போதுமானவை. இவை இல்லாத வீடு வேளாண்மை செய்யும் எச்சமூகத்திலும் இல்லை. ஆகவே இத்தொழில் எல்லார்க்கும் உரியதாக இருந்திருக்க வேண்டும். ஆயினும் வரலாற்றின் ஒவ்வொரு காலப்பகுதியிலும் ஒவ்வோரிடத்திலும் ஒரு குறிப்பிட்ட பிரிவினரே மது அடுவோராக அறியப்படுகின்றனர். ஓரிடத்தில் மணமான பெண்டிர், ஓரிடத்தில் பழங்குடி மகளிர், பிறிதோரிடத்தில் பட்டம் பெற்ற நடுத்தர வயது ஆடவர் என இப்பிரிவினர் மாறிக்கொண்டே இருக்கின்றனர். இம்மாற்றத்திற்குக் காரணம் தொழில்நுட்பமா, சுவையா, அன்றிச் சட்டமா என்பதை இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் பொருளும்

இன்றைய வழக்கில் 'காய்ச்சுதல்' என்பது சாராயத்திற்கு உரிய சொல்லாகிவிட்டது. சாராயம் ஆவியாக்கிக் குளிர்வித்து எடுக்கப்படுவது. பீரும் அரிசிக்கள்ளும் அவ்வாறு எடுக்கப்படுவன அல்ல. அவை நொதித்து விளைபவை. இவ்வேறுபாட்டைக் காட்டப் பழந்தமிழில் வழங்கிய 'அடுதல்' என்னும் சொல்லை இக்கட்டுரை கையாள்கிறது. சோறு அடுதலும் கள் அடுதலும் சங்கச் செய்யுள்களில் ஒரே வினையால் குறிக்கப்படுகின்றன. மது ஆக்குதல் அடுக்களைத் தொழிலின் ஒரு பகுதியாக எண்ணப்பட்டமைக்கு இச்சொல்லாட்சியே சான்று எனலாம்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை இவ்வகையில் நோக்கத்தக்கது. நெல்லினால் ஆக்கப்படும் 'தோப்பி' என்னும் கள்ளை வீட்டிலேயே அட்டுக் குடிக்கும் மறக்குடியினரை அந்நூல் ஓரிடத்தில் காட்டுகிறது. வலைஞர் குடியைப் பற்றிப் பேசுமிடத்தில் செய்முறையே விரித்துரைக்கப்படுகிறது. அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுடைய தட்டில் ஆறவிட்டு, அதனோடு ஓர் அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் முதிரவைத்துப் பிழிவர் என்பது அச்செய்முறை. கடற்கரைப் பட்டினத்தில் கள் அடும் மகளிர் கலம் கழுவிய நீர் வழிந்து சேறான இடமும் அந்நூலில் இடம்பெறுகிறது. ஒரே நூலுக்குள் மறவர், வலைஞர், பட்டினத்து மகளிர் என மூன்று வாழ்நிலையினர் மதுவோடு தொடர்புபடுத்தப்படுகின்றனர். இவர்களுள் எவரையும் புலவர் இழித்துரைக்கவில்லை. பாணன் பெறவிருக்கும் விருந்தின் ஒரு கூறாகவே மது பேசப்படுகிறது. மது அடுதல் பல குடியினர்க்கும் பொதுவாக இருந்த ஒரு நிலையை இது காட்டுகிறது. அப்பொதுநிலை பிற இடங்களில் எவ்வாறு குலைந்தது என்பதை இனிக் காணலாம்.

இங்கிலாந்து: பெண்டிர் கையிலிருந்து நழுவிய தொழில்

இடைக்கால இங்கிலாந்தில் மக்கள் நாள்தோறும் பருகிய மது 'ஏல்' எனப்பட்டது. அது முளைகட்டிய தானியத்திலிருந்து ஆக்கப்பட்டது. அதில் ஹாப்ஸ் என்னும் கொடிப்பூ சேர்க்கப்படவில்லை. ஆகவே சில நாள்களிலேயே அது புளித்துக் கெட்டது. கெட்டுவிடும் பொருளைச் சேமித்து வைக்கவோ தொலைவிற்கு அனுப்பவோ இயலாது. ஒரு வீட்டார் அட்டது மிகுந்தால் அண்டை வீட்டார்க்கு விற்றனர். அடுத்த கிழமை அவர்களிடமிருந்து வாங்கினர். இவ்வாறு முறை வைத்து அட்டு விற்றவர்களுள் பெரும்பாலோர் பெண்டிர். வீட்டுப் பணிகளுக்கிடையே செய்யக்கூடியதாகவும், சிறு முதலீடே போதுமானதாகவும் இருந்தமையால் இத்தொழில் அவர்களுக்கு வாய்த்தது.

இச்செய்தி நமக்குத் தெரியவந்த வழி கருதத்தக்கது. 13ஆம் நூற்றாண்டில் அப்பத்திற்கும் ஏலுக்கும் விலையும் தரமும் வகுத்த சட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. அதனை மீறியோர்க்கு ஊர் மன்றங்கள் தண்டம் விதித்தன. நடைமுறையில் விற்றவர் அனைவருமே தண்டம் செலுத்தினர். தண்டம் உரிமக் கட்டணம் போலவே ஆயிற்று. அத்தண்டப் பதிவுகளே இன்று அப்பெண்டிரின் பெயர்ப் பட்டியலாக நமக்குப் பயன்படுகின்றன. இப்பதிவுகளைத் திரட்டி வரலாற்றறிஞர் ஜூடித் பென்னட் 1996இல் வெளியிட்ட நூல், 1300 முதல் 1600 வரையிலான மூன்று நூற்றாண்டுகளில் இத்தொழில் பெண்டிரிடமிருந்து ஆடவர்க்குக் கைமாறிய வரலாற்றை எடுத்துரைக்கிறது.

கைமாறியதற்குக் காரணங்கள் பல. 1348–49இல் பரவிய கொள்ளைநோய்க்குப் பின் உயிர் பிழைத்தோரின் கூலி உயர்ந்தது. அவர்கள் மிகுதியாகக் குடிக்கலாயினர். தொழில் பெருக, சிறுகச் சிறுக அட்டோர் குறைந்து, பேரளவில் அட்டோர் நிலைத்தனர். தாழ்நாடுகளிலிருந்து வந்த, ஹாப்ஸ் சேர்த்த பீர் நெடுநாள் கெடாதிருந்தது. ஆகவே தொலைவிற்கு அனுப்பவும் படைகளுக்கு வழங்கவும் ஏற்றதாயிற்று. அதற்குப் பெரிய கலன்களும், கடனும், ஒப்பந்தங்களும், வேலையாள்களும் தேவைப்பட்டன. மணமான பெண் தன் பெயரில் கடன் பெறுவதும் ஒப்பந்தம் செய்வதும் அன்றைய சட்டத்தில் எளிதன்று. லண்டன் மதுவடுநர் குழுமம் 1438இல் அரச பட்டயம் பெற்றது. அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் உறுப்பினருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பெண்டிராக இருந்தும், அதனை நடத்தும் பொறுப்பு ஆடவரிடமே இருந்தது. மணமாகாத பெண்டிரும் கைம்பெண்டிரும் முதலில் விலகினர். மணமானோர் கணவன் பெயரின் நிழலில் சிறிது காலம் நீடித்தனர்.

சூனியக்காரியின் கூம்புத் தொப்பி மதுவடு மகளிரிடமிருந்து வந்தது என்றும், சூனியக் குற்றச்சாட்டினாலேயே அவர்கள் தொழிலை இழந்தனர் என்றும் இன்று பரவலாகக் கூறப்படுகிறது. இக்கூற்றுக்கு ஆவணச் சான்று இல்லை. உண்மை இதனினும் எளியது, அதனாலேயே கடியது. எவரும் துரத்தாமலே, முதலும் சட்டமும் கூட்டமைப்பும் ஒருங்கே சேர்ந்து அவர்களை வெளியேற்றின.

டர்பன்: விலக்கப்பட்ட பானையும் நகராட்சியின் வருவாயும்

இங்கிலாந்தில் மெல்ல நிகழ்ந்தது தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் ஒரே சட்டத்தால் நிகழ்ந்தது. சூலு மக்களிடையே சோளத்திலிருந்து பீர் அடுதல் பெண்டிரின் பணி. வேலை தேடி ஆடவர் டர்பன் நகருக்கு வந்தபோது பெண்டிர் சிலரும் வந்தனர். நகரில் அவர்களுக்கு வேறு கூலி வேலை கிடைப்பது அரிது. வீட்டு வேலைக்குக்கூட ஆடவரே பெரிதும் அமர்த்தப்பட்டனர். தாம் அறிந்த தொழிலைக் கொண்டு அப்பெண்டிர் சொந்த வருவாய் ஈட்டினர்.

1908இல் நேட்டாலில் இயற்றப்பட்ட சட்டம், ஆப்பிரிக்கரின் பீரை அடும் உரிமையையும் விற்கும் உரிமையையும் நகராட்சி தனக்கே உரியதாக்கிக்கொள்ள இடமளித்தது. டர்பன் நகராட்சி அவ்வாறே செய்து பீர்க் கூடங்களைத் திறந்தது. வீட்டில் அடுதல் குற்றமாயிற்று. பீர்க் கூடங்களின் வருவாயைக் கொண்டே ஆப்பிரிக்கரை ஆளும் செலவை நகராட்சி ஈடுகட்டியது. 'டர்பன் முறை' எனப் பெயர்பெற்ற இவ்வேற்பாடு 1923ஆம் ஆண்டின் சட்டத்தின்வழிப் பிற நகரங்களுக்கும் வழிகாட்டியாயிற்று. ஒரு பெண் தன் பானையில் அட்டுப் பெற்ற காசு நகராட்சியின் கருவூலத்திற்குத் திருப்பப்பட்டது என்பதே இதன் சாரம்.

இதற்கு எதிர்ப்பும் பெண்டிரிடமிருந்தே மிகுதியாக எழுந்தது. 1929இல் டர்பனில் பீர்க் கூடப் புறக்கணிப்பு நடந்தது. அதனைத் தொடர்ந்து நேட்டாலின் பிற ஊர்களிலும் பெண்டிர் கூடங்களுக்குள் புகுந்து கிளர்ந்தனர். 1959 சூனில் காட்டோ மேனர் பகுதியில் பெண்டிர் பீர்க் கூடங்களுள் நுழைந்து, குடித்துக்கொண்டிருந்த ஆடவரை வெளியேற்றி, மதுவைக் கொட்டினர். காவலர் தடியடி நடத்தினர். 1960 சனவரியில் அதே பகுதியில் மதுச் சோதனைக்குச் சென்ற காவலர் ஒன்பது பேர் கொல்லப்பட்டனர்.

காட்டோ மேனர் தமிழர்க்கு அயலான இடம் அன்று. 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றோரின் வழியினர் காட்டோ மேனரில் நிலம் வாங்கிக் காய்கறி பயிரிட்டனர். பிற்காலத்தில் அந்நிலத்தில் ஆப்பிரிக்கர் குடிசை அமைத்து வாடகைக்கு வாழ்ந்தனர். 1949இல் இரு சமூகத்தாரிடையே மூண்ட கலவரத்தையும் அவ்விடம் கண்டது. புலம்பெயர்ந்த தமிழரின் வரலாற்றை எழுதுவோர் அந்நிலத்தில் குடியிருந்த மதுவடு மகளிரையும் தம் பார்வைக்குள் கொண்டுவருதல் வேண்டும்.

அமெரிக்கா: பொழுதுபோக்காகிய தொழில்

அமெரிக்கக் குடியேற்றக் காலத்தில் பீர் அடுதல் பெண்டிரின் வீட்டுப்பணியாக இருந்தது. அடிமைத் தோட்டங்களில் அப்பணி அடிமைகளின் கைக்கு மாறியது. தாமஸ் ஜெபர்சனின் மாண்டிசெல்லோ இல்லத்தில் முதலில் மது அட்டவர் அவர் மனைவி மார்த்தா. பின்னர் 1813 அளவில் பீட்டர் ஹெமிங்ஸ் என்னும் அடிமை ஓர் ஆங்கிலேயரிடம் பயின்று அவ்வில்லத்தின் மதுவடுநரானார். நெடுங்காலமாக அவ்வில்லத்து மதுவின் பெருமை வீட்டுத் தலைவர்க்கே சென்றது. அடுப்பின் அருகில் நின்றவர் பெயர் அண்மைக் காலத்தில்தான் முன்னிறுத்தப்படுகிறது.

1920இல் நடைமுறைக்கு வந்த நாடு தழுவிய மதுவிலக்கு 1933இல் நீக்கப்பட்டது. அப்போது வீட்டில் திராட்சை மது செய்துகொள்ள இசைவு கிடைத்தது, பீருக்குக் கிடைக்கவில்லை. 45 ஆண்டுகள் கழித்து, 1978 அக்டோபரில் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் அக்குறையை நீக்கியது. ஓர் ஆண்டில் ஒருவர் 100 கேலன் வரையிலும், இருவரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள வீட்டார் 200 கேலன் வரையிலும் வரியின்றி அடலாம், ஆனால் விற்கலாகாது. மாநிலங்கள் தடை விதிக்கும் உரிமை நீடித்தமையால் அலபாமா, மிசிசிப்பி ஆகிய இரண்டும் 2013இல்தான் இறுதியாக இசைந்தன. பிரிட்டனில் வீட்டில் அடுவோர்க்கு இருந்த உரிமக் கட்டுப்பாடு 1963இலேயே நீக்கப்பட்டிருந்தது.

'விற்கலாகாது' என்னும் நிபந்தனை இங்கு நின்று நோக்கத்தக்கது. விற்க இயலாத பொருளை அடுபவர் யார்? அதனை வாழ்வாதாரமாகக் கொள்ளத் தேவையில்லாதவர். கலன்களுக்குப் பணமும், விடுமுறை நாளும், இடவசதியுள்ள வீடும் உடையவர். சட்டம் எவர் பெயரையும் சுட்டவில்லை. எனினும் எவர்க்கு அது பயன்படும் என்பதை அதன் ஒரு தொடரே பெரும்பாலும் வரையறுத்துவிட்டது.

1978இல் கொலராடோவின் போல்டரில் தொடங்கப்பட்ட அமெரிக்க இல்ல மதுவடுநர் சங்கம் 2013இல் நடத்திய கணக்கெடுப்பு இதற்கு ஒத்துச் செல்கிறது. நாட்டில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் வீட்டில் பீர் அடுகின்றனர் என்று அது மதிப்பிட்டது. அவர்களின் சராசரி வயது 40. 60 விழுக்காட்டினர் 30 முதல் 49 வயதிற்குட்பட்டோர். கிட்டத்தட்ட 70 விழுக்காட்டினர் உயர்கல்வி பெற்றோர். கிட்டத்தட்ட 60 விழுக்காட்டினரின் குடும்ப ஆண்டு வருமானம் 75,000 டாலர் அல்லது அதற்கு மேல். சங்கங்களிலும் போட்டிகளிலும் காணப்படுவோருள் வெள்ளை ஆடவரே மிகுதி. அச்சங்கம் ஆண்டுதோறும் வழங்கும் சிறந்த மதுவடுநர் பட்டத்தை 2013இல் வென்ற ஆனி ஜான்சன், அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். முப்பதாண்டுகளுக்குப் பின் அதனைப் பெற்ற பெண்ணும் அவரே. வீட்டில் அடத் தொடங்கிப் பின்னர்ப் புகழ்பெற்ற மதுவடுநரான கேரட் ஆலிவர் என்னும் கறுப்பினத்தவர், வெள்ளையரல்லாதார்க்குப் பயிற்சி உதவித்தொகை வழங்க 2020இல் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். வாயில் திறந்திருப்பது மட்டும் போதாது என்பதை இம்முயற்சிகள் ஒப்புக்கொள்கின்றன.

இத்தகைய கணக்கெடுப்புகளுக்கு ஒரு வரம்பு உண்டு. 'இல்ல மதுவடுநர்' என்று தம்மைத் தாமே அழைத்துக்கொள்வோரையே அவை சென்றடைகின்றன. தாய்நாட்டு வழக்கப்படி விழாவுக்கு அரிசியையோ சோளத்தையோ நொதிக்க வைக்கும் குடியேறிய பாட்டி ஒருவர் அப்பெயரால் தம்மை எண்ணிக்கொள்வதில்லை. எவரும் அவரைக் கேட்பதுமில்லை. பெயரே ஒரு வேலியாகிறது. மக்கள்தொகை வேறுபாட்டை அளக்கப் புகுவோர் முதலில் இவ்வேலியைக் காணவேண்டும்.

இந்தியா: ஒரே பானை, இரு மதிப்பீடுகள்

உலகில் இல்லடு மது இன்றும் பொதுமக்கள் வழக்காக உயிரோடிருக்கும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. சார்க்கண்டு, ஒடிசா, மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களில் சந்தால், முண்டா, ஓ, ஒராவோன் மக்களின் ஹண்டியா; அசாமில் மிசிங் மக்களின் அபோங், போடோ மக்களின் ஜௌ, அகோம் மக்களின் சாஜ்; நாகாலாந்தில் சுத்தோ என அரிசி மதுவின் பெயர்கள் பல. பெயர் வேறாயினும் முறை ஒத்தது. அரிசி மாவோடு காட்டு மூலிகைகளைச் சேர்த்து உலர்த்திய மாவுருண்டை அல்லது அடை, வேகவைத்து ஆறிய சோற்றில் கலக்கப்படுகிறது. ஹண்டியாவுக்குரிய அவ்வுருண்டை 'ரானு' எனப்படும். பெரும்பாணாற்றுப்படையில் களியோடு கலக்கப்படும் அடையை இதனோடு ஒப்புநோக்க இடமுண்டு. அரிசியை ஆறவைத்தல், அடை கலத்தல், நாள் எண்ணிக் காத்தல், பிழிதல் ஆகிய நான்கு நிலைகளும் இரண்டிலும் முறையே அமைந்துள்ளன. பெரும்பாலும் இதனைச் செய்வோர் பெண்டிர். மூலிகைக் கலவையின் அறிவு தாயிடமிருந்து மகளுக்கும் மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் செல்கிறது.

இவ்வறிவுக்கு அரசுகள் தரும் மதிப்பு ஒன்றுபோல் இல்லை. 2021இல் அசாமின் திமாசா மக்கள் ஒட்டரிசியும் ஒரு மரப்பட்டையும் சேர்த்து அடும் 'சூதிமா'வுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அது பாரம்பரிய அறிவாகப் போற்றப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு, 2020இல், சார்க்கண்டு அரசு ஹண்டியா விற்கும் பெண்டிரை அத்தொழிலிலிருந்து விடுவிக்கும் நோக்கில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 1855ஆம் ஆண்டுச் சந்தால் எழுச்சியோடு தொடர்புடைய பூலோ, சானோ என்னும் உடன்பிறந்த மகளிரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. சாலையோரத்தில் மது விற்கும் பெண்ணுக்கு இழிவும் இடரும் உண்டு என்பதும், மாற்றுத் தொழில் வேண்டுவோர்க்கு அது கிடைக்க வேண்டும் என்பதும் மறுக்கத்தக்கன அல்ல. ஆயினும் ஒரே வகைப் பானை ஒரு மாநிலத்தில் மரபுச் செல்வமாகவும் மற்றொன்றில் மீட்கப்பட வேண்டிய வறுமையாகவும் தோன்றுவது சிந்திக்கத்தக்கது. பானை பூசையறையில் இருக்கும்வரை பண்பாடு. சந்தைக்கு வந்தால் சிக்கல் என்னும் பார்வை இதன் அடியில் உள்ளது.

குடியின் தீமை மெய்யானது. வீட்டு வருவாயைக் குடித்தழிக்கும் ஆடவரால் முதலில் துன்புறுவோரும் பெண்டிரே. மதுவிலக்குக் கேட்டுப் பல மாநிலங்களில் தெருவுக்கு வந்தோரும் அவர்களே. அத்துன்பத்தை மறைத்து இல்லடு மதுவை இன்பக் காட்சியாக்குவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. மதுவைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒவ்வொரு முறையும் எவர் கையிலிருந்து பானையைப் பறித்து எவர் கையில் கொடுக்கிறது என்பதைக் கேட்பதே நோக்கம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. இல்லத்தில் மது அடுதல் தன் இயல்பால் எப்பாலார்க்கும் எக்குலத்தார்க்கும் உரியது. அதனை ஒரு பிரிவினர்க்கு உரியதாக்குவன முதல், சட்டம், அமைப்பு ஆகிய புறக் காரணங்களே.

2. இங்கிலாந்தில் சந்தை விரிந்தபோதும், டர்பனில் நகராட்சி தனியுரிமை கொண்டபோதும் வருவாயை இழந்தோர் பெண்டிர். தொழில் ஆதாயம் தரத் தொடங்கும் நிலையில் அது அவர்களிடமிருந்து விலகுகிறது.

3. அமெரிக்காவில் அத்தொழில் விற்பனையற்ற பொழுதுபோக்காகத் திரும்பக் கிடைத்தபோது, பொழுதும் பொருளும் உடையோரே அதனை மிகுதியாகப் பெற்றனர்.

4. கணக்கெடுப்புகளும் தண்டப் பதிவுகளும் தாம் பெயரிட்டோரையே காட்டும். பெயரிடப்படாதோரைத் தேடுவது வரலாற்றாய்வாளரின் கடமை.

பெரும்பாணாற்றுப்படைப் பட்டினத்து மகளிர் கலம் கழுவிய நீரைப் புலவர் கண்டு பதிந்தார். அம்மகளிரின் பெயரை அவர் கூறவில்லை. இங்கிலாந்தின் பெண்டிர்க்குத் தண்டப் பட்டியல் பெயர் தந்தது. சார்க்கண்டின் சந்தையில் இன்று ரானு உருண்டையோடு அமர்ந்திருக்கும் பெண்ணின் பெயர் எந்த ஏட்டில் பதியப்படும் என்பது, மரபறிவுப் பதிவேடா குற்றப் பதிவேடா என்பது, இனி எழுதப்படும் சட்டங்களைப் பொறுத்தது. அச்சட்டங்களை எழுதுவோர் முந்திய மூன்று நாடுகளின் வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.